திரை இல்லாத சர்வர்

மே 8, திங்கள்

பிரின்சிபால் மேடம் சொல்லித்தான் இந்த நோட்டைத் தொடங்குகிறேன். "நீங்க செய்யறதை அன்னன்னைக்கு எழுதி வைங்க, செண்பகவல்லி. நாளைக்கு நீங்க லீவுல போனா அடுத்தவங்க முழிக்கக் கூடாது" என்றார். இந்தக் கல்லூரியின் கணினி லேப்பை இருபது வருஷமாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். நான் லீவு போட்டதை அவர் கண்டதில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

வேலை இதுதான். எங்கள் பிள்ளைகள் கோவில்பட்டியைச் சுற்றியுள்ள கிராமங்களிலிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள். பாதிப் பேருக்குப் போனில் நெட் மதியத்துக்குள் தீர்ந்துவிடும். கல்லூரிக்கு வரும் இணையமும் நினைத்தால் வரும், நினைத்தால் போகும். அதனால் பாடக் குறிப்பு, மாதிரி வினாத்தாள், தேர்வு எல்லாவற்றையும் இங்கேயே ஒரு கணினியில் வைத்துவிட்டால், வளாகத்துக்குள் இருக்கும் வைஃபை வழியாகச் செலவில்லாமல் பார்த்துக்கொள்ளலாம். மென்பொருள் இலவசம். அதை ஓட்ட ஒரு வெப் சர்வர் நிறுவ வேண்டும். ஜூன் 19 கல்லூரி திறக்கும்போது தயாராக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் செயலர் ஐயா மதுரையிலிருந்து ஒரு நிறுவனத்தைக் கூட்டிவருவார். அவர்கள் வந்தால் சர்வரோடு லேப்பையும் சேர்த்துத்தான் எடுத்துக்கொள்வார்களாம். என் வேலை நிர்வாகம் போட்ட வேலை. அரசு வேலை இல்லை.

வீட்டில் சொன்னேன். என் வீட்டுக்காரர் கோமதிநாயகம் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். "ஏ வல்லி, சர்வர்னா ஓட்டல்ல இலை போட்டுத் தண்ணி வைப்பாரே, அவரா?" என்றார்.

"கிட்டத்தட்ட அவருதான். கேட்டதைக் கொண்டாந்து வைக்கும்" என்றேன். சரியாகத்தான் சொல்லியிருக்கிறேன்.

மே 9, செவ்வாய்

மென்பொருளோடு வந்த 'தேவைகள்' பக்கத்தை அச்செடுத்தேன். 64 பிட் செயலி. குறைந்தது 4 ஜிபி ரேம். வட்டில் 20 ஜிபி காலியிடம். மாறாத முகவரி ஒன்று. 80 என்ற எண்ணுள்ள போர்ட், அதாவது சர்வரிடம் வந்து கேட்கிற வாசல், வேறு எதற்கும் போகாமல் காலியாக இருக்க வேண்டும். 1024க்கு 768 அளவில் ஒரு திரை. எழுத்து ரொம்பப் பொடி, டோனரும் தீரப்போகிறது போலிருக்கிறது. ஜன்னலோரம் கொண்டுபோய் வாசித்தேன்.

புதுக் கணினி வாங்க வழியில்லை. தேர்வுப் பிரிவில் இந்தப் பருவம் முடிந்ததும் ஒதுக்கிப் போட்டிருந்ததை எடுத்துவந்தேன். உள்ளே இருப்பது 64 பிட் செயலிதான். ரேம் மட்டும் 2 ஜிபி.

மே 10, புதன்

செத்துப்போன இரண்டு கணினிகளைத் திறந்து ரேம் அட்டைகளைக் கழற்றினேன். லேப்பில் டியூப்லைட் மங்கல். அட்டையில் இருக்கும் வெட்டு எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. விரலால் தடவிப் பார்த்து, பொருத்தி, அழுத்தினேன். 'டிக்' என்று உட்கார்ந்தது. 4 ஜிபி காட்டியது. நல்ல நாள்.

வருகிற வழியில் வெண்டைக்காய் வாங்கினேன்.

மே 11, வியாழன்

கரண்ட் இல்லை. போர்வைகளைத் துவைத்துப் போட்டேன்.

மே 13, சனி

இவருக்குத் திடீரென்று பெயிண்ட் அடிக்கும் பைத்தியம். மாடிப்படி ஒவ்வொன்றின் விளிம்பிலும் வெள்ளைக் கோடு இழுத்துக்கொண்டிருந்தார். கேட்டால், "கடையில பெயிண்ட் சும்மா கெடந்துச்சு. காஞ்சு போயிரும்லா" என்கிறார். வாசல் நிலைப்படிக்கும் அடித்திருக்கிறார். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. அதோடு ஸ்கூட்டரை நடைபாதையிலிருந்து எடுத்துப் பக்கத்துச் சந்தில் நிறுத்திவிட்டார். போன வாரம் அதில் முழங்காலை இடித்துக்கொண்டு நான் கத்தியது காரணமாக இருக்கலாம். ஸ்கூட்டரை யார் அங்கே நிறுத்தச் சொன்னது?

மே 15, திங்கள்

நிறுவ ஆரம்பித்தேன். மவுஸ் சரியில்லை. அம்புக்குறி திடீர் திடீரென்று காணாமல் போகிறது. திரையில் மேலும் கீழும் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் பொறுமை போய்விடுகிறது. வேறொரு மவுஸ் மாற்றினேன். அதுவும் அப்படித்தான்.

இந்த நோட்டிலும் கோடுகள் மங்கலாக அச்சாகியிருக்கின்றன. நாளையிலிருந்து கறுப்பு ஸ்கெட்ச் பேனா.

மே 16, செவ்வாய்

புது மவுஸ் வந்தது. அம்பு இதிலும் ஓடி ஒளிகிறது. இப்போதெல்லாம் பொருள்களே தரமாக வருவதில்லை.

சாயங்காலம் இவர் கல்லூரி வாசலில் நின்றார். கடையில் வேலை இல்லையாம், அதனால் கூட்டிப்போக வந்தாராம். இருட்டுவதற்குள் வீட்டுக்கு வந்துவிட்டோம்.

மே 17, புதன்

இதை எழுதித்தான் ஆக வேண்டும்.

அந்தக் கணினியில் இரண்டு வட்டுகள் இருந்தன. ஒன்று காலி. மற்றதில் வணிகவியல் துறையின் இந்தப் பருவ அகமதிப்பெண்கள். எந்த வட்டை அழித்து நிறுவட்டும் என்று திரையில் கேட்டது. நான் காலியாக இருந்த முதல் வட்டைத் தேர்ந்தெடுத்து 'அடுத்து' என்பதை அழுத்தினேன். திரையின் வலது ஓரத்தில் இரண்டாவது வட்டுக்கும் ஒரு சின்னக் கட்டம் இருந்திருக்கிறது. அதிலும் டிக் போட்டிருந்திருக்கிறது. இரண்டும் அழிந்தன.

முந்தைய நகல் ஒன்று பென் டிரைவில் இருந்தது. அதற்குப் பிறகு ஏற்றிய மதிப்பெண்கள் அதில் இல்லை. பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப வெள்ளிக்கிழமை வரைதான் நேரம்.

நேரே பிரின்சிபால் எஸ்தர் ஜெபராணி மேடத்தின் அறைக்குப் போய்ச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "எப்படி?" என்றார்.

"மவுஸ் சரியில்ல மேடம்."

"பேப்பர்ல இருக்குல்ல?"

"இருக்கு."

"அப்ப அதைப் பாத்து மறுபடியும் ஏத்துங்க. செயலர் ஐயாகிட்ட இப்ப ஒண்ணும் சொல்ல வேண்டாம்."

கத்தியிருந்தால் தேவலை என்று இருந்தது.

மே 18, வியாழன்

மதிப்பெண் தாள்கள் எல்லாம் நீல மையில், பொடிப்பொடியாக. வணிகவியல்காரர்களுக்குத் தாளை மிச்சப்படுத்துவதில் பெரிய அக்கறை. ஒரு வரி பார்த்து அடித்துவிட்டுத் திரும்பினால் விட்ட வரி எது என்று தெரியவில்லை. ஒரு பக்கம் முடிக்கவே காலை முழுவதும் போயிற்று.

மதியம் சாப்பாடு கொண்டுவந்த இவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நான் வாசிக்கேன். நீ அடி" என்றார்.

"கடைக்குப் போகலையா?"

"கடை எங்கயும் ஓடிப் போகாது."

மேடத்திடம் அனுமதி கேட்டுக்கொண்டோம். இவர் பதிவு எண்ணையும் மதிப்பெண்ணையும் நிறுத்தி நிதானமாக வாசித்தார். எனக்குக் கீபோர்டைப் பார்க்க வேண்டியதே இல்லை. விரல்கள் தானாக ஓடின. நடுவில் இவர் போன் மணி அடித்துக்கொண்டே இருந்தது. "மோட்டார் நாளைக்குத்தான் கிடைக்கும் அண்ணாச்சி", "ஆமா, இன்னைக்குக் கடை இல்ல" என்று ஒவ்வொருவருக்கும் சொன்னார். கடையில் வேலை இல்லை என்று என்னிடம் சொன்னவர்.

ஒரு பிள்ளை நூற்றுக்கு நூறு வாங்கியிருந்தாள். "யாரு பெத்த பிள்ளையோ!" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு அடுத்த எண்ணுக்குப் போனார். முடித்து, சரிபார்த்து, அனுப்பிவிட்டோம். இப்படிப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து நாங்கள் ஒரு வேலை செய்து எவ்வளவோ காலமாகிறது. வீடு வந்து அப்பளம் பொரித்தேன், இரண்டு பேருக்கும் பிடித்த மாதிரி நிறைய.

மே 22, திங்கள்

ஆங்கிலத் துறை லூர்துராஜ் சார் லேப்புக்கு வந்தார். முப்பத்து மூன்று வயது. பிறவியிலேயே பார்வை இல்லை. அவர் மடிக்கணினியில் திரையை வாசித்துக் காட்டும் குரல் ஒன்று உண்டு. அதைப் புதுப்பிக்க இணையம் தேவைப்பட்டது. நான் எழுந்து போகும்போது அவர் நாற்காலியில் இடித்துவிட்டேன்.

"மேடம், இந்த மாசத்துல இது எத்தனையாவது தடவை? கண்ணு தெரியாதவன் நானா நீங்களா?" என்று சிரித்தார்.

"நாற்காலிய நடுவுல போட்டா இடிக்கத்தான் செய்யும் சார்."

"ஓரமாத்தான் போட்டிருக்கேன். சுவத்தைத் தொட்டுக்கிட்டு இருக்கேன், பாருங்க."

பேச்சை மாற்ற சர்வர் கதையைச் சொன்னேன். நிறுவுவதற்கு மவுஸ் ஒத்துழைக்கவில்லை, ரேமும் இழுத்துப் பிடித்த கதைதான் என்றேன். அந்தத் 'தேவைகள்' பக்கத்தைத் தன் கணினியில் திறக்கச் சொன்னார். அவருடைய குரல் குதிரை ஓடுகிற மாதிரி வாசித்தது. "கொஞ்சம் மெதுவா ஓட விடுங்க சார்" என்றேன். வேகத்தைக் குறைத்தார்.

"செயலி. இடது: 64 பிட். வலது: 64 பிட். ரேம். இடது: 4 ஜிபி. வலது: 1 ஜிபி. திரை. இடது: 1024க்கு 768. வலது: தேவையில்லை."

"அது என்ன வலது?" என்றேன்.

"ரெண்டு கட்டம் இருக்கே மேடம். இடது பக்கம், படம் காட்டி நிறுவுற முறைக்கு. வலது பக்கம், வெறும் எழுத்து முறைக்கு. ரெண்டாவதுக்கு மவுசும் வேண்டாம், திரையும் வேண்டாம். நம்ம பழைய பெட்டிக்கு அதுதான் தோது. நீங்க ஏன் முதல் முறையில போயி மல்லுக்கட்டுறீங்கன்னு நானே கேக்கணும்னு இருந்தேன்."

"வலது பக்கம் ஒண்ணும் இல்ல சார். நான் அச்செடுத்து வச்சிருக்கேன்."

அச்செடுத்த தாளை எடுத்துப் பார்த்தேன். ஒரே ஒரு கட்டம்தான் இருந்தது. பிறகு தலையைக் கொஞ்சம் வலது பக்கமாகத் திருப்பினேன். இரண்டாவது கட்டம் வந்தது. திருப்பிய தலையை நேராக்கினேன். போய்விட்டது.

தாள் என் கையில் சரசரத்ததை லூர்துராஜ் சார் கேட்டுக்கொண்டிருந்தார். "எத்தனை நாளா மேடம்?" என்றார் மெதுவாக.

"என்ன எத்தனை நாளா?"

"சரி, விடுங்க. எழுத்து முறையில நிறுவும்போது ஒரு குரல் ஒவ்வொரு வரியா வாசிக்கும். அதை எப்படிப் போடணும்னு சொல்லிட்டுப் போறேன். கேட்டுக்கிட்டே செய்யலாம்."

சொல்லிவிட்டுப் போனார்.

மே 23, செவ்வாய்

கண்ணாடி பவர் மாறியிருக்கும். நாற்பத்தாறு வயதில் எல்லோருக்கும் மாறுவதுதான்.

மே 24, புதன்

வீட்டில் யாரும் இல்லாதபோது நாற்காலியில் உட்கார்ந்து நேரே காலண்டரைப் பார்த்துக்கொண்டு இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டினேன். அப்படியே மெல்ல முன்னால் கொண்டுவந்தேன். விரல்கள் கண்ணில் பட ரொம்ப தூரம் கொண்டுவர வேண்டியிருந்தது.

சாம்பாரில் இன்று உப்பு அதிகம்.

மே 26, வெள்ளி

எழுத்து முறையில் நிறுவினேன். காதில் ஹெட்போன். இயந்திரக் குரல் ஒவ்வொரு வரியாகக் கேள்வி கேட்டது, நான் ஒவ்வொரு வரியாகப் பதில் அடித்தேன். எந்த வட்டு என்று கேட்டபோது இரண்டு தடவை கேட்டுக்கொண்டேன். அம்புக்குறியைத் தேடவில்லை. தலைவலி இல்லை. நடுவில் ஒரு கட்டத்தில் கண்ணை மூடிக்கொண்டு செய்துகொண்டிருந்தேன் என்பதையே பிறகுதான் கவனித்தேன்.

ஒரு காலத்தில், இந்த வேலைக்கு வந்த புதிதில், இப்படித்தான் இருந்தது. கறுப்புத் திரை, கட்டளை, பதில். அப்போது எனக்கு இதில் அவ்வளவு ஆசை.

மே 29, திங்கள்

வெப் சர்வர் எழ மறுக்கிறது. "80ஆம் போர்ட் ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது" என்கிறது. புத்தம்புதிதாக நிறுவிய பெட்டியில் அதை யார் பிடித்துக்கொண்டிருப்பது?

மே 30, செவ்வாய்

பிடித்துக்கொண்டிருந்தவர் அகப்பட்டார். வெள்ளிக்கிழமை நிறுவும்போது "வெப் சர்வர் வேண்டுமா?" என்று கேட்டதற்கு ஆமாம் என்று சொல்லியிருக்கிறேன். அது தன்னிடமிருந்த ஒன்றைப் போட்டுவிட்டது. பிறகு நான் மென்பொருளோடு வந்த வழிகாட்டியைப் பார்த்து வேறொன்றைப் போட்டேன். ஒரே வாசலில் இரண்டு பேர் நின்றால் யார் ஆர்டர் எடுப்பது? முதல் ஆளை நிறுத்தி வைத்தேன். இரண்டாவது ஆள் உடனே எழுந்துவிட்டார்.

மேடம் தன் போனில் முகவரியைத் தட்டினார். பக்கம் திறந்தது. "வந்துட்டுதே!" என்று சின்னப் பிள்ளை மாதிரி சொன்னார். அலுவலக அறையிலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள்.

ஜூன் 1, வியாழன்

இவர் சட்டைகளை மடித்துக்கொண்டே சொன்னார்: "செவ்வாக்கிழமைக்கு லீவு சொல்லிரு. திருநவேலி போறோம்."

"எதுக்கு?"

"கண்ணு பாக்க. டோக்கன் போட்டாச்சு."

"யாரு கண்ணு?"

இன்னொரு சட்டையை எடுத்தார்.

"என் கண்ணுக்கு ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்லன்னா நல்லதாப் போச்சு. அதையும் டாக்டர் வாயால கேட்டுட்டு வந்துருவோம்."

லூர்துராஜ் சார் ஏதாவது சொன்னாரா என்று கேட்டேன். அது யார் என்றார். உண்மையிலேயே தெரியவில்லை.

"அப்ப எப்பத்துல இருந்து நினைக்கீங்க இப்படி?"

"மாசி மாசம் உங்க அக்கா மகன் கல்யாணத்துல இருந்து. வாசல்ல அந்தப் பொண்ணு சந்தனத் தட்டை உன் கைக்கிட்ட நீட்டிக்கிட்டே நின்னுச்சு. நீ நேராப் பாத்துச் சிரிச்சுக்கிட்டே உள்ள போயிட்டே. வல்லிக்கு என்ன தலைக்கனம்னு பேசிக்கிட்டாவ. எனக்குத் தெரியாதா உன்னைய?"

"அப்பவே சொல்ல வேண்டியதுதானே?"

"நீயா சொல்லுவேன்னு பாத்தேன். பொறவு இந்த சர்வர் வேலை வந்துச்சு. நீ அதுல முழுசா இருந்தே. அது எந்திரிக்கட்டும்னு இருந்தேன்."

"மாடிப்படியில..."

"சும்மா கெடந்த பெயிண்ட் இல்ல. வாங்கினதுதான்."

எனக்குக் கோபம் வந்தது. எதற்கு என்று சொல்லத் தெரியாத கோபம். சமையலறைக்குப் போய்ப் பாத்திரங்களை உருட்டினேன். இவர் வரவில்லை. உருட்டி முடித்தபின் காப்பி போட்டேன். டம்ளரை வாங்கும்போது என் விரலைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

ஜூன் 6, செவ்வாய்

பெரிய கண் ஆஸ்பத்திரி. காலையில் போய் மதியம் வரை ஒவ்வொரு அறையாக உட்கார வைத்தார்கள்.

ஒரு சோதனை. பெரிய வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைத்து நடுவில் இருக்கும் புள்ளியைப் பார்க்க வேண்டும். சுற்றிலும் எங்காவது ஒளி தெரிந்தால் கையில் இருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். ஒவ்வொரு ஒளிக்கும் முன்னால் இயந்திரம் உள்ளே சின்னதாக ஒரு சத்தம் போடுகிறது. அது ஆஸ்பத்திரிக்காரர்களுக்குத் தெரியுமோ என்னவோ. சத்தம் கேட்டது. ஒளி இல்லை. மறுபடி சத்தம். ஒளி இல்லை. சத்தம் கேட்கும்போதெல்லாம் அழுத்திவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அழுத்தவில்லை. தெரிந்ததற்கு மட்டும்தான் அழுத்தினேன்.

டாக்டரம்மா இளவயது. மறைக்காமல் சொன்னார். "இது பரம்பரையா வர்றது. ஓரப் பார்வை முதல்ல சுருங்கும். இருட்டுல தெரியாது. நடுப்பார்வை உங்களுக்கு இப்ப நல்லா இருக்கு. இதை நிறுத்தறதுக்கு எங்ககிட்ட இன்னைக்கு மருந்து இல்ல. எவ்வளவு வருஷம்னும் சொல்ல முடியாது. உங்க வீட்டுல யாருக்காவது இருந்துச்சா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அப்பா ஞாபகம் வந்தது. பொழுது சாய்ந்தால் சைக்கிளைத் தொடமாட்டார். பயந்தாங்கொள்ளி என்று அம்மா கேலி செய்வாள். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

வெளியே வந்து நிழலில் நின்றோம். நான் அழவில்லை. இவர்தான் கைக்குட்டையை எடுத்துத் தூசி விழுந்துவிட்டது என்றார். பசிக்கிறது என்று நான் சொன்னதும் சாப்பிடப் போனோம். இரண்டு பேரும் நன்றாகச் சாப்பிட்டோம். என்னவென்று தெரிந்துவிட்டதில் ஒரு நிம்மதி இருக்கத்தான் செய்கிறது. இனிமேல் மவுசைத் திட்ட வேண்டியதில்லை.

வீட்டுக்கு வந்து கோயம்புத்தூரில் இருக்கும் மகளுக்குப் போன் செய்தேன். அவளும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னதைச் சொன்னேன். "வர்ற சனிக்கிழமையே பாத்துடறேம்மா. நீ சாப்டியா?" என்றாள். நான் கேட்க வேண்டியதை அவள் கேட்டாள்.

ஜூன் 8, வியாழன்

பிரின்சிபால் மேடத்திடம் சொன்னேன். எப்படி ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போனேன். உள்ளே போனதும் ஆஸ்பத்திரிச் சீட்டை நீட்டிவிட்டேன்.

வாசித்து முடித்து, "அன்னைக்கு மவுஸ்னு சொன்னீங்களே" என்றார்.

"அன்னைக்கு அப்படித்தான் மேடம் நினைச்சேன். நினைக்கணும்னு இருந்திருக்கேன்."

"ம்."

"மதுரைக்காரங்களைக் கூப்பிடறதுன்னா கூப்பிடுங்க மேடம். நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"எதுக்குக் கூப்பிடணும்? சர்வர் ஓடிக்கிட்டுத்தானே இருக்கு?" அவர் குரலில் எரிச்சல் இருந்தது. "எனக்கு வேலை தெரிஞ்ச ஆள் வேணும் செண்பகவல்லி. இருக்கற ஆளை அனுப்பிட்டுத் தேட எனக்கு நேரமில்ல. ஆனா ஒண்ணு சொல்லுதேன். இனிமே எந்த வட்டை அழிக்கறதா இருந்தாலும் இன்னொருத்தர் கூட நின்னு பாக்கணும். அது உங்களுக்கு மட்டுமில்ல, எல்லாருக்கும்தான். சரியா?"

"சரி மேடம்."

"லேப் நடைவழியில பிள்ளைங்க பையை வைக்கக் கூடாதுன்னு நான் சுற்றறிக்கை அனுப்பறேன். உக்காருங்க. டீ குடிச்சிட்டுப் போங்க."

டீயில் சீனி இல்லை. அவருக்குச் சர்க்கரை நோய். அறைக்கு வருகிற எல்லோருக்கும் அதே டீதான். முழுவதும் குடித்தேன்.

ஜூன் 13, செவ்வாய்

சர்வரிலிருந்து திரையையும் மவுசையும் கழற்றிவிட்டேன். பெட்டி மட்டும் அலமாரியின் மேல்தட்டில், யுபிஎஸ்ஸோடு. ஏதாவது செய்ய வேண்டுமானால் என் மேஜையிலிருந்தே, குரல் வாசிக்கும் கணினி வழியாக உள்ளே போகிறேன்.

செயலர் ஐயா பார்வையிட வந்தார். "சர்வர் எங்க?" என்றார். காட்டினேன்.

"டிவி மாதிரி ஒண்ணு இருக்குமே?"

"இதுக்கு அது வேண்டாங்கய்யா. உங்க போனைக் கொடுங்க."

அவர் போனில் கல்லூரிப் பக்கத்தைத் திறந்து கொடுத்தேன். முதல் பக்கத்தில் கல்லூரியின் முகப்புப் படம். ரொம்ப நேரம் அதையே பார்த்தார். "நம்ம வேப்பமரம் எல்லாம் தெரியுது!" என்றார். மதுரை நிறுவனம் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

ஜூன் 19, திங்கள்

கல்லூரி திறந்தது. ஒரே இரைச்சல். முதல் வகுப்பிலேயே எல்லாத் துறைகளும் பிள்ளைகளைப் பக்கத்தைத் திறக்கச் சொல்லிவிட்டன. அலமாரி மேலிருந்து மின்விசிறிச் சத்தம் ஏறிக்கொண்டே போனது. பக்கம் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது என்று நாலா பக்கத்திலிருந்தும் ஆட்கள் வந்தார்கள்.

என் மேஜையிலிருந்து சர்வருக்குள் போய், குரல் வாசித்ததைக் கேட்டேன். ரேம் நிரம்பி வழிந்தது. ஒரே சமயத்தில் எத்தனை பேரைக் கவனிக்கலாம் என்ற எண்ணை அதன் தகுதிக்கு மீறி வைத்திருக்கிறேன். 4 ஜிபிக்கு ஏற்றமாதிரி குறைத்தேன். மற்றவர்கள் ஒரு கணம் வரிசையில் நிற்கட்டும். மறுபடி எழுப்பினேன். மின்விசிறி அடங்கியது. வராந்தாவில், "ஏ, வந்துட்டுடி!" என்று ஒரு பிள்ளை கத்தியது கேட்டது.

பிறகு குரல் ஒவ்வொரு வரியாக வாசித்தது, யார் யார் எந்தப் பக்கத்தைக் கேட்கிறார்கள் என்று. தாவரவியல். தாவரவியல். தமிழ் முதல் தாள். கணக்கு. தாவரவியல். மதியச் சாப்பாட்டை மறந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஜூன் 24, சனி

மகள் போன் செய்தாள். பரிசோதனையின் முடிவு இன்றைக்குத்தான் வந்ததாம். இப்போதைக்கு ஒன்றும் இல்லை, வருஷத்துக்கு ஒரு தடவை பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்களாம். இவர் கடையிலிருந்து வந்ததும் சொன்னேன். சட்டையைக் கழற்றாமலே கொஞ்ச நேரம் ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தார்.

ஜூன் 28, புதன்

லூர்துராஜ் சார் ஒரு மடக்குத்தடி கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். "இப்ப வேண்டாம்னா உள்ள வச்சுப் பூட்டுங்க. வேணும்போது எடுத்துக்கலாம்" என்றார். பூட்டி வைத்திருக்கிறேன். இருட்டில் பிடித்துப் பழகுவதற்கு ஞாயிற்றுக்கிழமைகளில் சொல்லிக்கொடுக்க ஓர் ஆள் இருக்கிறாராம். பார்க்கலாம்.

ஜூலை 4, செவ்வாய்

முதல் உள்தேர்வு முழுக்க சர்வரிலேயே நடந்தது. ஒரு தடவைகூட நிற்கவில்லை. மேடம் எல்லாருக்கும் கடலை மிட்டாய் கொடுத்தார், அவர் மட்டும் சாப்பிடவில்லை.

விடைகளைப் பத்திரப்படுத்தி நகல் எடுத்து முடிக்க நேரமாகிவிட்டது. வெளியே வரும்போது வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. இந்த மாதத்துக் காற்று தெருவெல்லாம் புழுதியைத் தூக்கிக்கொண்டிருந்தது. இவர் வாசலில் நின்றார். ஸ்கூட்டர் பஞ்சர், நடந்துதான் போக வேண்டும் என்றார். வழக்கமாக இவர் இரண்டடி முன்னால் நடப்பார், நான் தரையைத் துழாவிக்கொண்டு பின்னால் வருவேன். சந்தை முக்குக்கு வந்ததும் தள்ளுவண்டிகள், சைக்கிள்கள், எதிரே வருகிற லைட்டுகள். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. நின்றேன்.

"என்ன வல்லி?"

"கையைக் கொடுங்க."

அவர் கையை நீட்டினார். நான் உள்ளங்கையை விட்டுவிட்டு அவர் முழங்கைக்கு மேலே பிடித்துக்கொண்டேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் கடைத்தெருவில் நாங்கள் இப்படி நடந்ததில்லை. அவர் உடம்பு ஒரு கணம் விறைத்தது. பிறகு தளர்ந்தது.

உரக்கடைக்கார அண்ணாச்சி பார்த்துவிட்டார். "என்னய்யா நாயகம், வீட்டுல மேலுக்கு முடியலையா?" என்று கடைக்குள்ளிருந்தே சத்தம் கொடுத்தார்.

இவர் நடையை நிறுத்தவில்லை. "அவ நல்லாத்தான் இருக்கா. எங்கூட வாரா" என்று திருப்பிச் சத்தம் கொடுத்தார்.

அவர் தோள் திரும்பும்போது நானும் திரும்பினேன். ஏறும்போது ஏறினேன், இறங்கும்போது இறங்கினேன். தரையைப் பார்க்கவே இல்லை. ரயில்வே கேட் தாண்டியதும், "மெல்லப் போ, மூச்சு வாங்குது" என்று அவர்தான் சொன்னார். அப்போதுதான் தெரிந்தது, நான் அவரை இழுத்துக்கொண்டு போய்க்கொண்டிருக்கிறேன் என்று.